ஆற்றோரம் நட்ட கம்பு

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு வீட்டில் கால் தங்காது. அமாவாசைக்குக் காரையாறு போக வேண்டும். சொரிமுத்து அய்யனார் கோயிலை ஒட்டி, தாமிரபரணிக் கரையில் குடில் போட வேண்டும். அங்கேயே பொங்கிச் சாப்பிட்டு, மரத்தடியில் படுத்து எழுந்து, உடுத்திய துணியெல்லாம் விறகுப் புகை வாசனையோடு ஊர் திரும்ப வேண்டும். பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைக் காட்டுக்குள் இருக்கிறது அந்தக் கோயில். 1962-இலேயே புலிகள் சரணாலயமான காடு அது. 1988-இல் களக்காட்டையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கைக்குழந்தையிலிருந்து கம்பூன்றிய கிழவி வரைக்கும் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வந்தோம் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் கண்ணை அகல விரிக்கிறார்கள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கூடாரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு கொடைக்கானல், கொல்லிமலை என்று கிளம்புகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு நிறைகிறது. நாங்கள் அனுபவித்ததை அவர்களும் வேறொரு விதத்தில் அனுபவிக்கட்டும். ஒன்றை மட்டும் அவர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: காட்டிலும் ஆற்றிலும் நாம் விருந்தாளிகள். எந்த மாதத்தில் போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறோம், எப்போது எழுந்து வருகிறோம் என்பதெல்லாம் வீட்டுக்காரர் முகம் பார்த்துச் செய்ய வேண்டியவை. இதை யாரும் எனக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. ஆச்சியும் சித்தப்பாவும் நடந்துகொண்டதைப் பார்த்துப் பார்த்து உள்ளே இறங்கியது.

காரையாறு போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆச்சி சாமான் கட்டத் தொடங்கிவிடுவாள். அரிசி, பருப்பு, புளி உருண்டை, வற்றல், கருப்புக்கட்டி, சுக்கு, உப்பு. தேங்காய் மட்டும் கணக்கில்லாமல் சாக்கில் விழும். பெரிய அண்டா ஒன்று, அதற்குள் சருவச்சட்டி, அதற்குள் தூக்குவாளி என்று பாத்திரத்துக்குள் பாத்திரமாக அடுக்குவாள். படுக்க ஓலைப்பாய். மழைக்குப் படங்கு. வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு. ‘காட்டுல கடை இல்ல, ஆனா காடே கடையும் இல்ல’ என்பாள். அதாவது, தேவையானதைக் கொண்டு போய்விட வேண்டும், அங்கே போய்க் கண்டதைப் பறிக்கவும் வெட்டவும் கூடாது. விறகுக்குக்கூடக் காய்ந்து விழுந்த சுள்ளிதான். பச்சைக் கிளையில் கை வைத்த பையன்களை அவள் பேசிய பேச்சு அக்கம்பக்கத்துக் குடில்களுக்கெல்லாம் கேட்கும்.

வண்டி நின்றதும் பிள்ளைகள் நாங்கள் ஆற்றைப் பார்த்து ஓடுவோம். சித்தப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கரையோரப் புதர்களையும் மரக்கிளைகளையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். போன வருஷ வெள்ளத்தில் அடித்து வந்த செத்தையும் வைக்கோலும் கிளைகளில் சிக்கிக் காய்ந்து தொங்கும். தண்ணீர் அந்த உயரம் வரைக்கும் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே மேடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் எங்கள் குடில். ஆறு அங்கிருந்து கொஞ்சம் தூரம். தண்ணீர் எடுத்து வர நடக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டாற்போல் குடில் போட்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்து எங்களுக்கு ஏக்கமாக இருக்கும். கேட்டால் சித்தப்பா பதில் சொல்லமாட்டார், செத்தை தொங்கும் கிளையைக் கையால் காட்டுவார், அவ்வளவுதான்.

குடிலைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். சாரல் விழுந்தால் தண்ணீர் பாயை நனைக்காமல் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கிவிடும். அடுப்புக்கு மூன்று கல். ஆற்றுக்குள் கிடக்கும் கல்லை எடுக்கக் கூடாது. ஈரம் ஊறிய கல் நெருப்பில் வெடிக்கும். மேலே காய்ந்து கிடக்கும் கல்லைத்தான் பொறுக்குவார்கள். ஆடி மாதத்துக் காற்று மேற்கிலிருந்து வீசும். அதனால் அடுப்பின் வாய் கிழக்கே பார்க்க வேண்டும். சோறு, குழம்பு, மிச்சம் மீதி எல்லாம் இரவு மூடிக் கல் வைத்து, குடிலுக்குள் ஆட்களுக்கு நடுவே போய்விடும். குரங்குகளுக்கு மறந்தும் ஒரு வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்துப் பழக்கினால் நாளைக்கு அது பிடுங்கித் தின்னும், பிறகு யாராவது அதை அடிப்பார்கள், அந்தப் பாவம் நமக்குத்தான் என்பாள் ஆச்சி.

அடுத்தது கம்பு. தண்ணீர் முடிகிற இடத்தில் சித்தப்பா ஒரு கம்பை நட்டு, அதில் கத்தியால் ஒரு வெட்டு வைப்பார். பிள்ளைகளுக்குப் போட்டியே அந்தக் கம்பில்தான். ‘ஏட்டி, வெட்டு தெரியுதா, முங்கிட்டான்னு பாத்துட்டு வா’ என்று என்னை அனுப்பினால் எனக்குத் தலைகால் புரியாது. காலையில், மத்தியானம், விளக்கு வைக்கிற நேரம் என்று போய்ப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். வெறுமனே உயரத்தைச் சொன்னால் போதாது. தண்ணீரின் நிறம் என்ன, இலை தழை மிதந்து வருகிறதா, சத்தம் மாறியிருக்கிறதா என்று குறுக்குக் கேள்வி கேட்பார். கோயிலடியில் வெயில் அடிக்கும், மேலே பொதிகையில் கொட்டிக்கொண்டிருக்கும். பொதிகை மலையின் உச்சி 1,868 மீட்டர். அங்கே பெய்கிற மழை நமக்குத் தெரியாது, ஆற்றுக்குத் தெரியும்.

ஒரு வருஷம் பொழுது சாய்கிற நேரத்தில் கம்பைப் பார்க்கப் போனேன். வெட்டு தெரிந்தது. ஆனால் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. மஞ்சள் இலைகளும் சின்னச் சின்னச் சுள்ளிகளும் நுரையோடு சேர்ந்து கரையோரம் சுற்றிக்கொண்டிருந்தன. ஓடி வந்து சொன்னேன். சித்தப்பா கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சத்தம் போடவில்லை, பதறவில்லை. ஆற்றோரமாக ஒவ்வொரு குடிலாகப் போய், ‘மேல வந்துருங்க, பொறவு பேசிக்கிடலாம்’ என்று சொல்லிக்கொண்டே போனார். சிலர் சிரித்தார்கள். வானத்தைக் காட்டினார்கள். அப்போதும் நகராமல் நின்று இன்னொரு தடவை அதையே சொன்னார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பாயும் பாத்திரமுமாக மேட்டுக்கு வந்துவிட்டார்கள். இருட்டியபின் நாங்கள் பகலெல்லாம் உட்கார்ந்து துணி துவைத்த பாறைகள் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல் விடிந்தது அந்த இரவு.

மேலே வந்தவர்களில் ஒரு குடும்பத்துக்கு அரிசி நனைந்துவிட்டது. ஊரில் எங்கள் தெருக்காரர்கள் அவர்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. ஆச்சி அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ‘பிள்ளைகளுக்குப் பசிக்கும், எங்க அடுப்புலயே வச்சிரு தாயி’ என்று அண்டாவை அவள் பக்கம் நகர்த்தினாள். மறுநாள் அந்தப் பெண் அரைத்த கொள்ளுத் துவையலை ஆச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஊர் திரும்பிய பிறகும் ஆச்சி அப்படியே இருந்தாளா என்றால், முழுக்க இருந்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு இருந்த கோடுகள் அவளையும் இழுத்தன. ஆனால் அந்த அண்டாவை அவள் நகர்த்தியதைப் பார்த்த சிறுமிக்கு அதற்குப் பிறகு அந்தக் கோடுகள் பெரிதாகத் தெரியவில்லை. மழைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கும்போது யார் யாருக்குத் தேவை என்பது விளங்கிவிடுகிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிப் போங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

கோயிலில் இருக்கும் பட்டவராயன் சந்நிதியும் இதைத்தான் சொல்கிறது. முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன், செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையை விரும்பி, அவர்கள் தகப்பன் சொன்ன நிபந்தனைகளுக்கெல்லாம் கட்டுப்பட்டு, பூணூலைக் களைந்து, செருப்புத் தைத்து, மணம் முடித்தான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டான். அவன் மனைவிமார் இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள். அந்த முத்துப்பட்டன்தான் பட்டவராயன். இந்தக் கதையை விடிய விடிய வில்லுப்பாட்டில் பாடுவார்கள். பேராசிரியர் நா. வானமாமலை இதைப் பதிப்பித்து நூலாகவும் தந்திருக்கிறார். இன்றும் பக்தர்கள் பட்டவராயனுக்குத் தோல்செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். கட்டிய செருப்பு நாளாக நாளாகத் தேய்ந்திருக்கும், அவர் ராத்திரி காட்டில் காவல் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. அரிக்கேன் வெளிச்சத்தில், ஆச்சி மடியில் தலை வைத்து, வில்லின் மணிச் சத்தத்தோடு அந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்குக் காட்டைப் பார்த்துப் பயம் வரவில்லை. யாரோ காவலுக்கு இருக்கிறார் என்ற தெம்புதான் வந்தது.

ஆடி அமாவாசை அன்று அந்தக் கோயிலில் சிங்கம்பட்டி ராஜா தலைப்பாகையும் ராஜ உடையுமாக வந்து அமர்வதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். ராஜாவாக இருந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானார். அவர் இல்லாத ஆடி அமாவாசை எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு குறைதான்.

ஆடி ஒன்றுதான் என்று இல்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் எங்களுக்கு ஒரு வெளி இருந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். தென்பக்கத்துக் குடும்பங்கள் எங்கெங்கோ பிழைக்கப் போனாலும் அன்றைக்குக் குலசாமியைத் தேடி வந்துவிடும். எங்கள் சாஸ்தா தேரிக்காட்டுக்குள் இருக்கிறார். கண்ணுக்கு எட்டிய தூரம் செம்மணல் மேடு, நடுநடுவே பனை. வெயில் ஏறிவிட்டால் மணலில் கால் வைக்க முடியாது. ஆகவே விடிவதற்கு முன்னே நடந்து போய், பொங்கல் வைத்து, உச்சி வெயிலில் மர நிழலை விட்டு அசையாமல் கிடந்து, மணல் ஆறிய பிறகு கிளம்ப வேண்டும். அந்தப் பகல் முழுக்கச் சும்மா இருப்பதுதான் வேலை. பதநீரும் நுங்கும் இருக்கும். பெரியவர்கள் வருஷம் முழுக்கப் பேசாததையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். பங்காளிகளுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோன ஒரு சண்டை அந்த நிழலில்தான் முடிந்தது. எழுந்து போக வெயில் விடவில்லை, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீர்ச் செம்பை இவர் அவருக்கு நீட்ட வேண்டியதாகிவிட்டது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. கடல் பக்கத்தில், வறண்ட தேரிக்கு நடுவே நல்ல தண்ணீர்ச் சுனை. பெய்த மழையை மணல் விழுங்கி, அடியில் சேர்த்து வைத்து, கோடையில் கொடுக்கிறது.

சித்திரைப் பௌர்ணமிக்கு ஆற்று மணலில் நிலாச்சோறு. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் உருட்டி உருட்டி ஆச்சி எங்கள் உள்ளங்கையில் வைப்பாள். இன்றைக்கு அதற்குத் தோதான மணலே பல இடங்களில் இல்லை. அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வருத்தத்தைப் பேசத் தொடங்கினால் வேறு எதையும் எழுத முடியாது.

ஆனியில் குற்றாலச் சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று மழையைத் தூக்கிக்கொண்டு வரும். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் முகத்தில் படும். எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, பசி பொறுக்காமல் ஓடி வந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் அங்கேயும் கேட்டுத்தான் இறங்க வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. பாளையங்கோட்டைப் பிள்ளை. என்னால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப்பற்றி 20-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஆசையோடு மலையேறப் போன இளம் பிள்ளைகள். இவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மலையின் மாதங்களை அறிந்த ஒரு பெரியவர், வழி தெரிந்த ஒரு காட்டுக்காரர், ‘இப்ப வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருக்க வேண்டும். அவர் சொன்னால் திரும்பி வருகிற பழக்கமும் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டில் யாரும் ஆற்றுப் பக்கம் தங்கப் போவதில்லை. அது ஆறு தனக்கென்று எடுத்துக்கொள்கிற காலம். 1992 நவம்பரில் தாமிரபரணி வந்த வரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மழைக்காலத்தில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார்த்தி, முற்றத்தில் விழும் தண்ணீரைப் பார்க்க வைத்தாலே போதும். வெளியே போக முடியாத மாதங்கள் இருப்பதால்தான் போகிற மாதங்களுக்கு அவ்வளவு ருசி. காத்திருக்கத் தெரியாத பிள்ளைக்குச் சாரலின் அருமை தெரியாது.

காரையாற்றில் இப்போது கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. சில நாட்கள்தான் தங்கலாம். பிளாஸ்டிக் கூடாது. விழாவுக்குச் சொந்த வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறிப் போகச் சொல்கிறார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதில் மனத்தாங்கல். ‘நம்ம சாமியப் பாக்க நமக்கே கணக்கா’ என்கிறார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது, குடில் போட்டுத் தங்கிய ருசி எனக்கும் நாக்கில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நாங்கள் கொண்டு போனது ஓலைப்பாயும் வாழையிலையும். குடில் பிரித்த இடத்தில் மிஞ்சியது சாம்பல்தான். அதையும் ஆச்சி வாய்க்காலில் போட்டு மண் தள்ளி மூடிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். இன்றைக்குப் போகிற ஜனம் எவ்வளவு, அவர்கள் கையில் இருக்கும் பை எத்தனை! காட்டுக்கும் மிருகங்களுக்கும் வருஷத்தில் மற்ற நாட்களாவது நிம்மதி வேண்டாமா? கட்டுப்பாடு சரிதான் என்பது என் முடிவு. தங்குகிற வசதியை, கழிப்பிடத்தை, குடிதண்ணீரை அதிகாரிகள் இன்னும் ஒழுங்காகச் செய்து தந்தால் சனங்களும் மனம் கோணாமல் கேட்பார்கள்.

பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் அவிழ்த்துப் போடுகிறார்களே, அதைக் கண்டால்தான் எனக்கு ஆறவே ஆறாது. பாறையிடுக்கிலும் மரவேரிலும் சேலையும் வேட்டியும் சுற்றிக்கொண்டு அழுகுகின்றன. தன்னார்வப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டை மூட்டையாக இழுத்துக் கரையில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? முங்கி எழுந்து, ஈரத்துணியைப் பிழிந்து, வீட்டுக்குக் கொண்டு போங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

வருகிற தை மாதம் பேரப்பிள்ளைகளோடு கூந்தன்குளம் போவதாக இருக்கிறோம். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளை அவர்கள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊரில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் சத்தமும் இருந்தாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதையே விட்டுவிட்டார்கள். அந்த மனுஷர்களையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பெரிய பேத்தி ஒலிபெருக்கிப் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சம்மதித்துவிட்டாள். சின்னவன் தாத்தாவின் பழைய பைனாகுலரைத் துடைத்து வைத்திருக்கிறான். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சோறும் தேங்காய்த் துவையலும். இலையைக் கொல்லையிலேயே அறுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மழை பிடித்தால் ஒரு வாரம் தள்ளிப் போவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். சின்னவன்தான் கொஞ்சம் முனகினான், பிறகு சரி என்றுவிட்டான்.